பெங்களூர், காலை ஏழு ஐம்பத்தைந்து

நீங்களும் என்னைத் திட்டித்தான் இருப்பீர்கள், தம்பி. பரவாயில்லை. பஸ் எட்டு நிமிடம் நின்றது எனக்காகத்தான். பின்சீட்டுப் பெரியவர் வாய்விட்டே சொன்னார், "ஃபிளைட்டையும் ரத்து பண்ணுவான், பஸ்ஸையும் எடுக்க மாட்டான்" என்று. நியாயமான பேச்சு. நானாக இருந்தால் எனக்காக நின்றிருக்க மாட்டேன்.

வயிறு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறுஞ்செய்தியைக் கொஞ்சம் காட்டுங்கள். 'தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் விமானம் இன்று இயங்காது. மதுரையிலிருந்து மாற்று விமானம். தூத்துக்குடியிலிருந்து மதுரை வரை பேருந்து வசதி செய்யப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அப்படியே இருக்கிறது. முன்பு 'மிகவும் வருந்துகிறோம்' என்று இருக்கும். அந்த 'மிகவும்' என்ற சொல்லை எடுத்தது நான். அவ்வளவு வருத்தப்படுகிறவன் விமானத்தை ஓட்டித் தொலைத்திருப்பானே.

தொழில்நுட்பமும் இல்லை, மண்ணும் இல்லை. எழுபது இருக்கை. நாம் பத்தொன்பது பேர். வேண்டுமானால் தலையை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது பேருக்காக விமானத்தை மேலே ஏற்றுவதைவிட இந்த பஸ்ஸும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் மலிவு. நமக்கு வர வேண்டிய விமானம் சென்னையில் நன்றாகத்தான் இருக்கிறது. இந்நேரம் வேறு ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

எப்படித் தெரியும் என்றால், இருபத்தொன்பது வருடம் இதே பிழைப்பு. பஸ் கிளம்பியதும் நீங்கள் முன்சீட்டில் ஒருவரிடம் கேட்டீர்களே, இது முன்னால் கொற்கை ஏர்தானே, கோயம்புத்தூர்காரன் இதை எதற்கு வாங்கினான் என்று. அவர் என்ன சொன்னார்? "ரெண்டு கம்பெனி சேர்ந்தா பலம்ல சார்." கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பேப்பரிலும் இதைத்தான் போட்டான். இரு மண்டலங்களின் சங்கமம் என்று தலைப்பு. கொற்கை ஏர் முதலாளியும் நொய்யல் ஏர்வேஸ் முதலாளியும் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் படத்தில் பின்வரிசையில் இடது ஓரம் ஒரு காதும் கொஞ்சம் கன்னமும் தெரியும். அது நான்.

இப்போது வடபழனியில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். விமான நிலைய வேலைக்குப் போகிற ஆசையில் வருகிற பிள்ளைகள். கோட்டு மாட்டிக்கொண்டு சிரிப்பதற்குப் பயிற்சி. நடுவில் வாரம் இரண்டு மணி நேரம் நான். இதே கேள்வியை அவர்களிடம் கேட்பேன். ஒரு சின்ன விமானக் கம்பெனி இன்னொரு சின்ன விமானக் கம்பெனியை ஏன் வாங்குகிறது? ஒருத்தி சொல்வாள், விமானங்களுக்காக. விமானம் எதுவும் முதலாளிக்குச் சொந்தமில்லை அம்மா, எல்லாம் அயர்லாந்துக்காரனிடம் வாடகைக்கு எடுத்தது. ஒருவன் சொல்வான், விமானிகளுக்காக. கொஞ்சம் சரி. பழக்கப்பட்ட கேப்டன் கிடைக்க வருடக் கணக்காகும். ஆனால் கேப்டன் வேண்டுமென்றால் கூடுதலாகச் சம்பளம் சொல்லி இழுத்துக்கொள்ளலாம், கம்பெனியையே வாங்க வேண்டியதில்லை. பெயருக்காக என்பான் இன்னொருவன். கொற்கை என்ற பெயரை முதல் மாதமே அழித்துவிட்டார்கள்.

நேரம் தம்பி. பெங்களூரில் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு இறங்கும் உரிமை. அதற்காகத்தான்.

புரியும்படி சொல்கிறேன். பெரிய விமான நிலையத்தில் நினைத்த நேரத்துக்குப் போய் இறங்க முடியாது. கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாள் கிடைப்பது மாதிரி. ஆடியில் எவனுக்கும் கிடைக்கும், வைகாசி வளர்பிறையில் கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வைகாசி வளர்பிறை. ஒரு இடம் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால், புது ஓடுபாதை திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கே நான் எழுதிப் போட்டு வாங்கியது அந்த ஏழு ஐம்பத்தைந்து. அதை விற்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. கம்பெனி யாருடையதோ அவனுக்குப் போகும். நொய்யல்காரனுக்கு அங்கே கிடைத்திருந்தது பதினொன்று நாற்பது. கோயம்புத்தூரில் பத்து மணிக்கு மேல் கிளம்பி பெங்களூரில் பதினொன்று நாற்பதுக்கு இறங்குகிறவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஆவான். எந்த வியாபாரி ஏறுவான்? ஆகவே அந்த ஒரு நேரத்துக்காக மூன்று விமானம், இருநூற்றுப் பதினான்கு பேர், பல்லாவரத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஆபீஸ் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினான். ஒரு கதவு பிடித்துப்போய் வீட்டை வாங்கி, கதவைக் கழற்றிக்கொண்டு வீட்டை இடித்த கதை.

அந்த மேல்மாடி ஆபீஸில் நான் இயக்கப் பிரிவுத் தலைவர். எது பறக்கும், எது பறக்காது என்று சொல்கிற ஆள். வைகுண்டமணி என்றால் கொற்கை ஏரில் பைலட்டுகளே கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் போல.

முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். முதலில் உப்பு, பிறகு துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி. "லாரி வச்சிருக்கவன் ஊர்ல நூறு பேரு இருக்கான். வானத்துல எவம்ல இருக்கான்?" என்று கேட்டு விமானம் வாங்கியவர். வாடகைக்கு எடுத்தவர். ஏறின நாளிலிருந்து அதை மினிபஸ் மாதிரித்தான் நடத்தினார். விடியற்காலையில் போன் வரும். "மணி, நம்ம கண் டாக்டரு வந்துகிட்டிருக்காரு. ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கிடு." பாத்துக்கிட வேண்டும். விமானம் நிற்கும். உள்ளே அறுபது பேர் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

அவர் மட்டுமா. அந்த ஊரே அப்படித்தான். தூத்துக்குடி நிலையத்துக்கு மேலாளர் லில்லி மச்சாடோ. கடற்கரைக்காரப் பெண், அப்போது நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு வயது இருக்கும். இருபத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு மொத்த நிலையத்தையும் நடத்தினாள். டிக்கெட் பார்ப்பதும் அவள்தான், ஆள் வரவில்லை என்றால் பெட்டி தூக்குவதும் அவள்தான். அவளிடம் ஒரு வழக்கம். கதவு மூடுவதற்கு முன்னால் யார் வரவில்லையோ அவர்களுக்கு அவளே போன் பண்ணுவாள். "சார், எங்க நிக்கிய? கோரம்பள்ளம் தாண்டிட்டியளா? சரி, மெதுவா வாங்க, வண்டிய விரட்டாதிய." உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் இப்படி ஒரு கூத்து நடக்காது. நான் எத்தனை கடிதம் எழுதினேன். "நாளைக்கும் அவியதான் சார் நம்ம ஃபிளைட்ல ஏறணும்" என்பாள். வியாபாரம் தெரிந்தவள் என்று அண்ணாச்சி சொல்வார். ஒழுங்கு தெரியாதவள் என்று நான் சொல்வேன்.

எட்டயபுரம் வந்துவிட்டதா? நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு குளிர்கால அட்டவணை. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை ஒரு பருவம், நூற்றைம்பத்து நான்கு நாள். பெங்களூர் நேரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நூற்றுக்கு எண்பது நாளாவது அந்த நேரத்தில் போய் இறங்கியிருக்க வேண்டும். போகாத நாளும் கழியும், ரொம்பப் பிந்திப் போன நாளும் கழியும். எண்பதுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அந்த நேரம் வரிசையில் நிற்கிற வேறொருவனுக்கு. எங்களுக்கு முப்பது நாள் தவறலாம். முப்பத்தொன்றாவது நாள் தவறினால் போச்சு.

டிசம்பர் மழையில் ஆறு நாள் போனது. ஒரு விமானத்தில் விசிறி இலை விரிசல் விட்டு, மாற்று இலை வந்து சேரப் பதினோரு நாள். இரண்டு கேப்டன்கள் சொல்லாமல் ஓடிப்போனதில் ஏழு. அண்ணாச்சியின் கண் டாக்டர், அண்ணாச்சியின் வக்கீல், அண்ணாச்சியின் ஜோசியர் வகையில் ஆறு. என் மேசைக்கு எதிரே ஒரு பலகை. மிச்சம் எத்தனை நாள் தவறலாம் என்று அதில் எழுதி வைப்பேன். லில்லி தினமும் காலையில் விமானம் கிளம்பியதும் கேட்பாள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி. "இன்னும் எத்தன சார்?" ஒன்பது லில்லி. ஐந்து லில்லி. பிப்ரவரி பதினெட்டாம் தேதி, "சுழி" என்றேன். "சரி சார். இனிமே ஒருத்தருக்கும் போன் பண்ணல" என்றாள். பண்ணவும் இல்லை. அவளால் அது முடியும் என்று நான் நினைத்ததே கிடையாது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நொய்யல் வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட்டான். கிருத்திக். முப்பத்து மூன்று வயது. அப்பா பம்புசெட் மோட்டார் செய்து சம்பாதித்ததை மகன் ஆகாயத்தில் விடுவது என்று முடிவு. அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல். எனக்குத் தோசையைத் துண்டு போட்டுத் தந்துவிடுவான் போல, அவ்வளவு மரியாதை.

"மணி சார், நமக்கு அந்த ஏழு ஐம்பத்தஞ்சு நின்னாப் போதுங்க. அது நின்னா ஏப்ரல்ல கையெழுத்துங்க. நிக்கலைன்னா அப்பா வேண்டாம்னுருவாருங்க."

"நின்றால் அது தூத்துக்குடிக்கு இருக்குமா?"

"கோயம்புத்தூருக்கு மாத்திக்கலாங்க. தூத்துக்குடிக்கு மத்தியானம் ஒண்ணு விட்டுக்கலாம்."

"அங்கே இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்."

"பாத்துக்கலாங்க."

இந்த 'பாத்துக்கலாங்க'வை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்த ஊரில் எதற்கும் இதுதான் பதில். பிறகு சொன்னான், "ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஆபரேஷன் ஹெட் நீங்கதானுங்க. இதைப் பண்ண வேற யாருக்குத் தெரியும்?"

அது சரிதானே. வேறு யாருக்குத் தெரியும்?

லில்லியிடம் நான் இதைச் சொல்லவில்லை. கேளுங்கள், ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். கொற்கை ஏர் அப்போது மூழ்கிக்கொண்டிருந்தது. யாரும் வாங்கவில்லை என்றால் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் மே மாதம் வேலை இல்லை. வாங்கினால் இருபத்திரண்டு பேருக்கு மட்டும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல்லியிருந்தால் அவள் கதவை ஒழுங்காக மூடியிருப்பாளா? தன் நிலையத்தை மூடப்போகிற நேரத்தை அவளே ஓடி ஓடிக் காப்பாற்றினாள், ஆமாம். காலை நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றாள். ஆனால் அது இருநூற்றுப் பதினான்கு பேருக்காக. என் பதவிக்காக என்று யாராவது சொன்னால், அதையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவ்வளவு கேவலமாகவும் இல்லை. பாதிப் பாதி இருக்கும்.

மார்ச் இருபத்தோராம் தேதிக்கு வருகிறேன். பருவம் முடிய இன்னும் ஒரு வாரம்.

அன்றைக்கு பெங்களூரில் அண்ணாச்சியின் இரண்டாவது மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு அங்கே. அண்ணாச்சி முந்தின நாளே போய்விட்டார். அண்ணாச்சி வீட்டம்மாவும் மச்சினரும் சொந்தக்காரர்களும் இருபத்து நான்கு பேர், சீர்த்தட்டுகளோடு காலை விமானத்தில். ஆறு இருபதுக்குக் கிளம்ப வேண்டும். ஆறு பத்துக்குக் கதவு. பெங்களூரில் அன்று பனி. அங்கிருந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள், உன் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால் உள்ளே விடுகிறோம், பத்து நிமிடம் பிந்தினாலும் வரிசையின் கடைசிக்குப் போய் ஒன்பதரை ஆகும் என்று. ஒன்பதரை என்றால் முப்பத்தொன்றாவது நாள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு லில்லி பேசினாள்.

"சார், அண்ணாச்சி வீட்டு ஆளுக கோரம்பள்ளம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காவ."

"ஏன்?"

"நிச்சயப் பட்டுச் சேலய மறந்து வச்சிட்டு வந்துட்டாவளாம். பீரோ சாவி அம்மாட்ட இருக்காம். அதனால எல்லா காரும் திரும்பிட்டு."

ஒரு பீரோவைத் திறக்க ஐந்து கார். அந்தக் குடும்பத்தில் எதையும் ஒரு ஆள் செய்ய மாட்டான், எல்லோரும் கூடப் போவார்கள்.

"அண்ணாச்சி பெங்களூர்ல இருந்து போன் பண்ணுனாவ சார். நிக்கச் சொல்லுதாவ. ஒரு நாள்தானேங்காவ."

ஒரு நாள்தானே. தன் கம்பெனி தன் கையை விட்டுக் காசாகப் போகிறது, அது அந்த ஒரு நாளில்தான் தொங்குகிறது என்று அந்த மனுஷனுக்கு நான் ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறேன். "ஆமா மணி, ஆமா மணி" என்றுதான் சொன்னார். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலில் தட்டு இறங்க வேண்டும். அதற்கு முன்னால் கம்பெனி என்ன, கடல் என்ன.

"ஆறு பத்துக்குக் கதவை மூடு லில்லி" என்றேன்.

"அம்மாவும் வாறாவ சார்."

"மூடு."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ பெட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கேட்டாள்.

"நீங்க சொன்னதாச் சொல்லிக்கிடவா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதலில் மூடு." இதுதான் சொன்னேன். சொல்லாதே என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசிக்கலாம் என்றேன்.

மூடினாள். ஆறு பத்துக்கு மூடினாள். ஆறு இருபதுக்கு எழும்பியது. ஆறு இருபத்து நான்குக்கு ஐந்து காரும் வந்தன. பார்த்தவர்கள் சொன்னார்கள். வெற்றிலைத் தட்டு, பழத் தட்டு, பூத்தட்டு எல்லாம் ஆளுக்கொன்று கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப்புறம் வரிசையாக நின்று, மேலே போகிற விமானத்தைப் பார்த்தார்களாம். பட்டுப் புடவை மட்டும் பத்திரமாக அம்மாவின் மடியில். மச்சினர் லில்லியைக் கேட்ட கேள்வியெல்லாம் உங்களிடம் சொல்லக்கூடியதில்லை. அவள் "மன்னிச்சிருங்க, நேரமாயிட்டு" என்ற ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மணி சார் சொன்னார் என்று சொல்லவில்லை. நான் அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

ஆறு நாற்பதுக்கு எனக்கு அண்ணாச்சியின் போன்.

"எவம்ல கதவ மூடச் சொன்னது?"

இங்கேதான் என்னை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. எங்கள் கம்பெனியின் இயக்கக் கையேடு என்று ஒரு புத்தகம் உண்டு. அதில் தெளிவாக இருக்கிறது. கதவு மூடுவது நிலைய மேலாளரின் பொறுப்பு. அந்தப் புத்தகத்தை எழுதியதே நான்தான். ஆகவே சொன்னேன், "அண்ணாச்சி, கதவு மூடுறது ஸ்டேஷன் பொறுப்பு." அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆறு ஐம்பதுக்கு அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். போனிலேயே. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாளாம். ஏழு ஐம்பத்து மூன்றுக்கு விமானம் பெங்களூரில் இறங்கியது. இரண்டு நிமிடம் முன்னாலேயே. அன்றைக்குத்தான் முதல் தடவை, விமானம் கிளம்பிய பிறகு "இன்னும் எத்தன சார்" என்று யாரும் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தம் நின்றுவிடவில்லை. இருபத்து நான்கு பேரும் அதே கார்களில் மதுரைக்கு ஓடி, அங்கிருந்து வேறு கம்பெனி விமானத்தில் போய், சாயங்காலம் தட்டு மாற்றினார்கள். இதே ரோடுதான். இந்தப் பந்தல்குடி, இந்த அருப்புக்கோட்டை. பூத்தட்டுப் பூவெல்லாம் வாடிப்போய் அங்கே வேறு வாங்கினார்களாம். இதற்காக ஒரு மாதம் அழுதார் அண்ணாச்சி. ஏப்ரலில் கையெழுத்துப் போட்டு, மூழ்குகிற கப்பலிலிருந்து வேட்டி நனையாமல் இறங்கினார். அந்த வேட்டியை நனையாமல் காப்பாற்றியது யார் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். சொன்னால் புரிகிற ஆளா?

அவளைத் திரும்பக் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன். உண்மையாக. இன்னும் பத்து நாள், நொய்யல் வரட்டும், நான் இரண்டுக்கும் தலைவன், அப்போது அண்ணாச்சி யார், அவர் சொல் எங்கே. அப்படித்தான் முடிவு செய்தேன். ஆனால் தலைவன் ஆன பிறகு பார்த்தால் தூத்துக்குடி நிலையத்தையே ஒப்பந்தக்காரனிடம் விட்டாயிற்று. இருபத்திரண்டு பேரில் ஒருவரும் இல்லை. எந்த நாற்காலியில் அவளை உட்கார வைப்பேன்? அப்படியே தள்ளிப்போனது. போன் பண்ணி என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

என் கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு மாதம். பிறகு ஒரு நாள் அதே அவினாசி ரோடு ஹோட்டல், அதே மரியாதை. "நீங்க இல்லாட்டி இது நடந்தே இருக்காதுங்க மணி சார். ஆனா எங்க பழைய ஆளும் இருக்காருங்க. ஒரு கம்பெனிக்கு ரெண்டு ஆபரேஷன் ஹெட் எதுக்குங்க?" கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன விமான பொம்மை கொடுத்தான், நொய்யல் வண்ணம் அடித்து. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஒரு பக்க விசிறி உதிர்ந்துவிட்டது. அவன்மேல் கோபம்கூட இல்லை. ஏழு ஐம்பத்தைந்து கம்பெனிக்குச் சொந்தம், எனக்கில்லை. அதைக் காப்பாற்றத் தெரிந்தவனை அது கைக்கு வந்த பிறகு வைத்துக்கொண்டு என்ன செய்வான்? என் மாணவர்களிடம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன். மணி அடித்துவிடும்.

நேற்று தூத்துக்குடியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். இன்றைக்குச் சென்னைக்குத் திரும்பல். விமான நிலையத்துக்கு வந்து பார்த்தால் ரத்து. பஸ் வாசலில் ஒப்பந்தக்காரனின் பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள், அந்த நரைத்த முடிப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பட்டியலைப் படித்தாளே. லில்லி.

என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை தம்பி.

ஆண்கள் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் போகட்டும், பிறகு பொடிநடையாக ரோட்டுக்கு வந்து ஏதாவது அரசு பஸ் பிடித்து மதுரை போய்க்கொள்ளலாம் என்று. வெட்கம் இல்லை. பார்த்தால் பேச்சு வளரும், எதற்கு வீண் என்றுதான். கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். போன் அடித்தது. என் போனில் அந்த எண் இன்னும் அவள் பெயரோடுதான் இருக்கிறது.

"சார், எங்க நிக்கிய?"

அதே குரல். நான், நீங்கள் போங்கள், நான் வேறு வழியில் வந்துகொள்கிறேன் என்றேன். நீங்கள் என்று சொன்னேன், பாருங்கள். முன்னெல்லாம் நீ.

"பஸ்ஸு நிக்கி சார். மெதுவா வாங்க."

வெளியே வந்தபோது டிரைவர் அவளிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். உங்களுக்கும் கேட்டிருக்கும். "யக்கா, இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவ ஒங்க பேரு விழுந்திருக்கு. மூணாவதும் விழுந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிருவான், தெரியும்லா?" அவள் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது சென்னையிலிருந்து யாரோ கேட்டான் போலிருக்கிறது, பஸ் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று. பல்லாவரம் மேல்மாடியாகத்தான் இருக்கும், என் நாற்காலியாகத்தான் இருக்கும். நான் பஸ் படியில் ஒரு கால் வைத்து நிற்கிறேன். அவள் போனில் சொன்னாள், "நான்தான் நிறுத்தி வச்சேன். ஆமா, லில்லி மச்சாடோ. எழுதிக்கிடுங்க."

என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஏறுங்க சார், படி ஒயரம்" என்றாள். அவ்வளவுதான்.

பிழைக்கத் தெரியாதவள். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். எனக்காக நிற்க என்ன இருக்கிறது? அன்றைக்குக் கோரம்பள்ளத்திலிருந்து திரும்பிய இருபத்து நான்கு பேருக்கு நிற்காதவள், எட்டு நிமிடம், யாருக்கு? எனக்கு. பழிவாங்குகிறாளோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் சாமர்த்தியம் போதாது. எல்லோருக்கும் நிற்பாள், அதில் நானும் ஒரு ஆள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரியாபட்டி தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மதுரையில் இறங்கியதும் கவுண்டரில் ஒரு தாள் நிரப்புவார்கள். பஸ் ஏன் எட்டு நிமிடம் தாமதம், யார் காரணம். அந்தத் தாளை வடிவமைத்தவனும் நான்தான், சிரிக்காதீர்கள். பயணி தன் பெயரைக் கொடுத்து என்னால்தான் என்று கையெழுத்துப் போட்டால் ஊழியர் பெயர் விழாது. யாரும் போட மாட்டார்கள். எந்தப் பயணிக்கு என்ன தலையெழுத்து?

நான் போடலாம் என்று பார்க்கிறேன்.

என்ன காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில்தான் யோசனையாக இருக்கிறது. கழிப்பறையில் ஒளிந்திருந்தேன் என்று ஒரு வயசானவன் எழுத முடியுமா? எழுதினாலும் அந்தப் பையன்கள் வாசித்துச் சிரிப்பார்கள். 'பயணி வைகுண்டமணி, வயிற்றுக் கோளாறு' என்று எழுதிவிடுகிறேன். அவளுக்கு அது போதும். பெயர் உண்மைதானே தம்பி. இந்தத் தடவை பெயராவது உண்மை.

விமான நிலையம் வந்துவிட்டது. நீங்கள் இறங்குங்கள். எனக்காக நிற்க வேண்டாம்.